மழை கொட்டுகிற ராஜமலையில் புல், மழையே காணாத சின்னாறில் மரம்: இது எப்படி?

#1 தேவிகுளம்_டீச்சர் | ஜனவரி 4, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். மூணாறு பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் புல்வெளிகள் பற்றிப் பேச்சு வந்தது. மழை மிகக் குறைந்தால் பாலைவனம், நிறையப் பெய்தால் காடு, நடுவில் புல்வெளி, அதற்கு ஆண்டுக்கு 250 முதல் 750 மில்லிமீட்டர் போதும் என்று போர்டில் ஒரு கோடு போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள். தேயிலைத் தோட்ட லயத்தில் வீடு, பாட்டி ஊர் சின்னாறு தாண்டி. மாதம் ஒருமுறை அந்தப் பஸ்ஸில் போய் வருகிறவள்.

"டீச்சர், ராஜமலையில அஞ்சு மாசம் மழை. அங்க வெறும் புல்லு. சின்னாறுல மழையே இல்ல. அங்க மரமா நிக்குது. நீங்க போட்ட கோடு தலைகீழா இருக்கே?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து, நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்காரவைத்துவிட்டேன். மூன்று நாளாக நாளைக்கு நாளைக்கு என்றே போகிறது. ராஜமலைப் பக்கம் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. அறுபது கிலோமீட்டர் கீழே போனால் சின்னாறில் 500 பெய்தாலே பெரிது. அவள் கேட்டதில் தப்பே இல்லை. யாராவது கைகொடுங்கள்.

#2 போடிமெட்டு | ஜனவரி 4, இரவு 9.32

இதில் என்ன குழப்பம் டீச்சர்? வெள்ளைக்காரன் தேயிலை போட வந்தான், மரத்தையெல்லாம் வெட்டினான், மிச்சம் புல். எங்கள் தாத்தா சொன்னது.

#3 மறையூர்_வெல்லம் | ஜனவரி 4, இரவு 10.05

தாத்தாவை மதிக்கிறேன் போடி அண்ணா. ஆனால் அவர் சொன்னது தேயிலை நிற்கிற சரிவுகளுக்குத்தான் பொருந்தும். அதற்கு மேலே இருக்கிற புல் வெள்ளைக்காரன் வருவதற்குப் பல ஆயிரம் வருடம் முன்பே இருந்தது. அதற்குச் சாட்சி சேற்றில் இருக்கிறது.

புல்மேடுகளுக்கு நடுவில் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்குகிற சதுப்பு இருக்குமே, அதில் செத்த செடிகள் மக்காமல் அடுக்கடுக்காகக் கிடக்கும். நீலகிரியில் அப்படிப்பட்ட சதுப்பை ஆழமாக வெட்டி எடுத்து ஒவ்வோர் அடுக்கின் கார்பனையும் சோதித்தார்கள். பேராசிரியர் சுகுமாரும் மற்றவர்களும் செய்த ஆய்வு, 1993இல் நேச்சர் இதழில் வந்தது. ஏறக்குறைய 20,000 வருடக் கணக்கு அதில் இருக்கிறது. உலகம் குளிர்ந்து பருவமழை மெலிந்த காலத்தில் புல் பரவியிருக்கிறது, மழை வலுத்தபோது மரம் பரவியிருக்கிறது. கோடாலி தூக்க ஆள் வருவதற்கு முன்பே இந்த இழுபறி நடந்திருக்கிறது.

கார்பனை வைத்துப் புல்லா மரமா என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அங்கேதான் எங்கள் ஊர்க் கரும்பு வருகிறது. கரும்பும் ஒரு புல்தான். கரும்பு, சோளம், வெப்பநாட்டுப் புற்களில் பெரும்பாலானவை காற்றிலிருந்து கரியமிலவாயுவைப் பிடிக்கிற முறையே வேறு. முதலில் ஓர் அறையில் பிடித்துச் சேர்த்துவைத்து, பிறகு உள் அறையில் சர்க்கரை ஆக்கும். இதனால் இலைத்துளையை அதிக நேரம் திறந்துவைக்க வேண்டியதில்லை, தண்ணீர் மிச்சம். வெயில் கொளுத்தினாலும் தாங்கும். இதை சி4 முறை என்பார்கள். மரங்கள் பெரும்பாலும் சி3. இரண்டு முறையிலும் இலைக்குள் சேருகிற கார்பனில் கனமான வகையும் லேசான வகையும் வேறு வேறு விகிதத்தில் இருக்கும். செடி மண்ணான பிறகும் அந்த விகிதம் மாறாது.

#4 போடிமெட்டு | ஜனவரி 4, இரவு 10.11

சரி, தாத்தா தோற்றார். ஆனால் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. இப்போதுதான் மழை கொட்டுகிறதே, இப்போது ஏன் மரம் ஏறவில்லை?

#5 வட்டவடை_பூண்டு | ஜனவரி 5, காலை 6.20

இதற்கு நான் பதில் சொல்கிறேன், பட்டவன் என்கிற முறையில்.

பத்தாவது படிக்கும்போது எங்களை ஒரு லாரியில் ஏற்றி மேட்டுக்குக் கூட்டிப்போனார்கள். யார் என்று சொல்லவில்லை, விடுங்கள். 'மொட்டை மலையைப் பசுமையாக்குவோம்' என்று பேனர். ஆளுக்கு இருபது கன்று. எல்லாம் சோலை மரம் (மலைப் பள்ளங்களில் நிற்கிற அடர்காட்டைத்தான் இங்கே சோலை என்போம்), நாவல் வகை, நல்ல கன்றுகள். ஆகஸ்ட் மாதம், மண் இளக்கமாக இருந்தது. டிசம்பரில் போய்ப் பார்த்தபோது முழங்கால் உயரம் வந்து, எங்களுக்கே பெருமையாக இருந்தது.

ஜனவரியில் பத்து நாள் ஐஸ், அதாவது உறைபனி, விழுந்தது. பொங்கல் லீவில் போனோம். கன்றுகள் நின்றபடியே இருந்தன, ஆனால் இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கியது. தண்டைக் கிள்ளினேன், பச்சை இல்லை. என்னுடைய இருபதில் ஒன்று பிழைத்தது, அது சோலை ஓரத்தில் நிழலில் நட்டது.

காரணம் இதுதான். இங்கே ஜனவரி ராத்திரியில் மேகம் இருக்காது. பகலில் வாங்கின சூட்டைத் தரை அப்படியே வானத்துக்கு விட்டுவிடும். ஆள் உயரத்தில் நாலு டிகிரி இருக்கும்போதே புல் நுனியில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். விடிந்ததும் பத்து டிகிரி அட்சரேகை வெயில் சுள்ளென்று அடிக்கும். உறைந்த இலை அந்த வெயிலைத் தாங்காது. சோலைக்குள் மரக்கூரை போர்வை மாதிரி மூடியிருப்பதால் உள்ளே ஐஸ் விழாது. அதனால்தான் சோலை மரத்தின் விதை வெளியே விழுந்து முளைத்தாலும் இரண்டாவது ஜனவரியைப் பார்ப்பது அபூர்வம். நீலகிரியில் இதையே சோதனையாகச் செய்து பார்த்து 2020இல் எழுதியிருக்கிறார்கள்: புல்வெளியில் வைத்த சோலைக் கன்றுகளை உறைபனி கொன்றது.

பெய்கிற மழையைவிட அந்தப் பத்து ராத்திரிதான் இங்கே கணக்கு.

#6 தேவிகுளம்_டீச்சர் | ஜனவரி 5, காலை 8.02

வட்டவடை தம்பி, இது நன்றாகப் புரிகிறது. ஆனால் அதே ஐஸில் புல் மட்டும் எப்படிப் பிழைக்கிறது? தேயிலைக் கொழுந்துகூடத்தான் கருகிப்போகிறது.

#7 மறையூர்_வெல்லம் | ஜனவரி 5, காலை 8.40

டீச்சர், மரத்துக்கு வளர்கிற மொட்டு உச்சியில். புல்லுக்கு அடியில், மண்ணை ஒட்டி. தலைமுடி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், நுனியை வெட்டினாலும் கருக்கினாலும் வேர்க்காலிலிருந்து வந்துகொண்டே இருக்கும். அந்த அடிமொட்டைச் சுற்றிப் போன வருடத்துக் காய்ந்த தாள் கூரை மாதிரி கிடக்கும். ஒரு புல்தூரை விரலால் பிரித்துப் பாருங்கள். மேலே வைக்கோல், நடுவில் வெளிர் மஞ்சள், உள்ளே தந்த நிறத்தில் ஊசி மாதிரி ஒரு குருத்து. உறைபனியோ தீயோ மாட்டின் பல்லோ அதுவரை போகாது. உலகத்தில் எந்தப் புல்வெளியை எடுத்தாலும் இந்த ஒரு உடலமைப்பு பொது. மற்றதெல்லாம் அந்தந்த ஊர்க் கூத்து.

#8 ரெஜைனா_ராசு | ஜனவரி 5, காலை 11.15

மறையூரில் பிறந்து கனடாவின் ரெஜைனாவில் குப்பை கொட்டுகிறேன். இங்கே ராத்திரி பதினொன்றே முக்கால், வெளியே மைனஸ் 31. இழையைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

டீச்சர் போர்டில் போட்ட கோடு எங்கள் ஊர்க் கோடுதான். இங்கே மழையும் பனியும் சேர்த்தே ஆண்டுக்கு 400 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். மேற்கே ராக்கி மலை, பசிபிக் காற்றின் ஈரத்தை அது பிழிந்து எடுத்துவிடும். அமெரிக்கப் பக்கம் பார்த்தால் மலையடியில் கணுக்கால் உயரப் புல், கிழக்கே போகப்போக இடுப்பளவு, அயோவா பக்கம் ஒருகாலத்தில் ஆளை மறைக்கும் புல். மலை மறைத்து மறையூரில் மழை குறைகிற மாதிரியேதான், அளவுதான் ஆயிரம் கிலோமீட்டர்.

ஆனால் அயோவாவில் மரம் வளரப் போதுமான மழை உண்டு. நட்டால் வளர்கிறது. அங்கே மரத்தைத் தடுத்தது நெருப்பு. மின்னல் போட்டது பாதி, பூர்வகுடிகள் வேண்டுமென்றே போட்டது பாதி. தீயை அணைக்க ஆரம்பித்த பிறகு பல இடங்களில் சிவப்பு சிடார் என்று ஒரு மரம் புல்லை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அர்ஜென்டினாவில் பம்பாஸும் இந்தக் கதைதான். பியூனஸ் அயர்ஸ் பக்கம் 1000 மில்லிமீட்டர் பெய்தும் அது புல்நாடு.

இங்கே தரைக்கு மேலே பார்த்தால் ஒன்றுமில்லை, எல்லாம் கீழே. பெரிய புற்களின் வேர் இரண்டு மூன்று மீட்டர் இறங்கும். வருடா வருடம் வேரில் ஒரு பங்கு செத்துப்போகும், குளிரில் சீக்கிரம் மக்காது, மழை குறைவு என்பதால் சத்தும் கரைந்து ஓடாது. மண் மைக்கறுப்பு. உக்ரைனின் செர்னோசம் மண்ணும் இப்படி வந்ததே. நம் மலையில் ஐந்து மாத மழை சத்தைக் கழுவி எடுத்துவிடுவதால்தான் மண் புளித்துக் கிடக்கிறது, அதில் தேயிலைக்குக் கொண்டாட்டம். இங்கே அந்தக் கறுப்பு மண்ணுக்காகவே புல்லை உழுது கோதுமை போட்டார்கள். 1930களில் தொடர் வறட்சி வந்தபோது, பிடித்துவைக்க வேர் இல்லாத மண் புழுதிப் புயலாகக் கிளம்பியது.

விலங்கு என்று பார்த்தால், ஒளிய மரம் இல்லாத ஊரில் பிழைக்க வழி கொஞ்சம்தான். ஓடு, கூட்டம் சேர், இல்லாவிட்டால் குழிக்குள் போ. பிராங்ஹார்ன் என்கிற மான் மாதிரி ஒன்று ஓடியே பிழைக்கிறது. காட்டெருமை கூட்டமாகப் பிழைத்தது, துப்பாக்கி வரும்வரை. கோடிக்கணக்கில் இருந்தது 1880களின் கடைசியில் ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. என் வீட்டுப் பின்னால் தரையணில் ஒன்று இருக்கிறது, கோஃபர் என்பார்கள். வருடத்தில் பாதிக்கு மேல் வளைக்குள் தூக்கம். பொறாமையாக இருக்கிறது.

#9 கொரங்காடு | ஜனவரி 5, மதியம் 1.48

காங்கயத்துக்காரன், உடுமலைச் சந்தைக்கு வந்தால் சின்னாறு வழியாக மறையூர் வரை ஒரு சுற்றுப் போகிறவன்.

அந்தப் பிள்ளையின் இரண்டாவது பாதியை எல்லோரும் விட்டுவிட்டீர்களே. சின்னாறில் மரம் எப்படி? அது காடு மாதிரி தெரிகிறது, காடு இல்லை. பஸ் ஜன்னலிலிருந்து பாருங்கள். உடைமரம், வேல், கள்ளி, ஒன்றோடு ஒன்று கிளை தொடாது, இடையிடையே புல். எல்லாம் பொடி இலை, முள், கோடையில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். உயரமான பச்சை மரம் ஆற்றோரம் மட்டும், நீர்மருதும் மற்றதும். சாம்பல் மலையணில் அந்த ஆற்றோர மரத்தைவிட்டு விலகாது, நட்சத்திர ஆமை முள்ளுக்கடியில். அங்கே ஐஸ் விழாது, அதனால் மரத்துக்கு வறட்சியை மட்டும் சமாளித்தால் போதும். ராஜமலையில் தண்ணீர் இருந்தும் மரத்துக்குக் குளிர் ஒத்துவரவில்லை.

கொரங்காடு என்கிற எங்கள் மேய்ச்சல் நிலமும் அந்த ஜாதிதான். நாலைந்து ஏக்கருக்கு ஒரு தடுப்பு, சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல். மாசி பங்குனியில் புல் தேய்ந்து தரையோடு கட்டையாகிவிடும். புதிதாகப் பார்க்கிறவன் செத்துவிட்டது என்பான். ஒரு மழை, ஒரு வாரம், பச்சை. அந்த இடைவெளியில் வெள்வேலங்காய்தான் ஆட்டுக்குத் தீனி. மரமும் புல்லும் பங்கு போட்டுக்கொள்கிற நிலம். ஆப்பிரிக்க சவானாவை டிவியில் பார்த்தால் எனக்கு மாமனார் தோட்டம் மாதிரி இருக்கும், சிங்கம் மட்டும்தான் இல்லை.

#10 மறையூர்_வெல்லம் | ஜனவரி 5, மதியம் 2.20

காங்கயம் மாமா சொன்னதற்கு ஒரு ஒட்டு. ஆப்பிரிக்காவில் செரெங்கெட்டியின் தென்கிழக்கிலும் ஒரு மழை மறைவுப் பகுதி உண்டு, கோரோங்கோரோ மேட்டுநிலம் மறைக்கிறது. எரிமலைச் சாம்பல் இறுகி மண்ணுக்கடியில் தகடாகிவிட்டதால் மர வேர் இறங்காது. அங்கே குட்டைப்புல் மட்டும். ஆனால் அந்தச் சாம்பல் மண்ணின் புல்லில் கால்சியம், பாஸ்பரஸ் அதிகம். பத்து லட்சத்துக்கும் மேலான வில்டிபீஸ்டுகள் மழைக்காலத்தில் அங்கே வந்துதான் குட்டி போடுகின்றன. மழை நின்றதும் வடக்கே நடை.

ஆக, ஓரிடத்தில் தகடு, ஓரிடத்தில் நெருப்பு, நம் மேட்டில் உறைபனி. மரத்தை ஏதோ ஒன்று தடுக்கிற இடமெல்லாம் புல்லுக்கு. டீச்சர், உங்கள் கோட்டை அழிக்க வேண்டாம், பக்கத்தில் இதையும் எழுதிவிடுங்கள்.

#11 போடிமெட்டு | ஜனவரி 5, இரவு 8.55

நெருப்பு என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். 2018 மார்ச் 11, குரங்கணி காட்டுத்தீ. 23 உயிர். அன்றைக்கு ராத்திரி மேலே ஏறிப் போன எங்கள் ஊர்ப் பையன்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

கொழுக்குமலைக்கு மேற்கே கேரளா, மார்ச்சிலும் காலையில் மூடுபனி நனைக்கும். கிழக்கே எங்கள் சரிவு. ஐப்பசி கார்த்திகை மழையில் போதைப்புல் ஆள் உயரம் வளரும், தையிலிருந்து காயும், மாசிக் கடைசியில் கொத்தைக் கையில் பிடித்து முறித்தால் சடசடவென்று சத்தம் வரும், எண்ணெய் வாசனையும் வரும். அந்தச் சரிவில் காற்று மேல்நோக்கி அடித்தால் மனுஷன் கால் ஜெயிக்காது. புல்லுக்கு அடிமொட்டு இருக்கிறது, வைகாசியில் தளிர்த்துவிட்டது. அதைப் பார்க்கும்போது வயிறு என்னவோ செய்தது.

#12 வட்டவடை_பூண்டு | ஜனவரி 5, இரவு 9.30

அண்ணா, அதைச் சுலபமாக எடுத்துக்கொள்ள யாராலும் முடியாது.

ராஜமலை இருக்கிற இரவிகுளம் தேசியப் பூங்காவில் ஈரம் முழுக்கக் காய்வதற்கு முன், குளிர் காலத்திலேயே துண்டு துண்டாக, சுழற்சியாகக் கொளுத்துகிற வழக்கம் இருந்திருக்கிறது. இந்த மலையின் பழங்குடிகளான முதுவர்களுக்குக் கைவந்த வேலை. தீ மெதுவாக ஊர்ந்து அணையும், புதுப்புல் வரும்போது வரையாட்டுக்குக் குட்டி போடுகிற காலம். தை மாசியில் குட்டி. பிப்ரவரி, மார்ச்சில் ராஜமலையைப் பூட்டுவது அதற்காகத்தான். புல்லும் வேண்டும், செந்நாயும் சிறுத்தையும் வந்தால் தாவ ஓரத்தில் பாறைச் செங்குத்தும் வேண்டும், இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் வரையாடு. சங்கப் பாட்டில் வருடை என்று வருவது இதுதான். 2025இல் இரண்டு மாநிலமும் சேர்ந்து எண்ணியபோது மொத்தமே 2,668.

#13 ரெஜைனா_ராசு | ஜனவரி 6, காலை 7.05

அப்படியானால் மரம் நடுவதே தப்பா? இங்கிருந்து ஊருக்கு மரம் நடக் காசு அனுப்பிக்கொண்டிருக்கிறேனே ஐயா!

#14 மறையூர்_வெல்லம் | ஜனவரி 6, காலை 7.40

எங்கே நடுகிறார்கள் என்று கேளுங்கள் ராசு. வாட்டிலும் யூகலிப்டஸும் ஆஸ்திரேலியச் சரக்கு. தோல் பதனிடப் பட்டை, தேயிலை ஃபேக்டரிக்கு விறகு என்று கொண்டுவந்தார்கள். வாட்டில் உறைபனியைத் தாங்கும். நம் சோலை மரம் ஏற முடியாத மேட்டில் அது சர்வசாதாரணமாக ஏறிவிட்டது. கொளுத்தினால் விதை ஓடு வெடித்து இன்னும் அடர்த்தியாக முளைக்கும். பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது, பெரும்பாலும் தோட்ட மரத்துக்கும் விவசாயத்துக்கும். நீலகிரி நெட்டைக்காலி என்று ஒரு சின்னப் பறவை, புல்தூருக்கடியில்தான் கூடு கட்டும். அதற்கு மரம் என்பது வீட்டை இடித்த மாதிரி.

#15 வட்டவடை_பூண்டு | ஜனவரி 6, காலை 9.15

இங்கே நான் கொஞ்சம் மாற்றிப் பேச வேண்டியிருக்கிறது. என் அப்பா ஒரு ஏக்கரில் கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் போட்டார். நானே வெட்டி விற்று அக்கா கல்யாணத்தை நடத்தினேன். உருளைக்கிழங்கு போட்டால் காட்டுமாடு, பீன்ஸ் போட்டால் பன்றி. கிராண்டிஸைச் சீண்டுகிற ஜீவன் இல்லை, காவலுக்கு ஆள் வேண்டாம். ஊரில் உட்கார்ந்து புல்லைக் காப்பாற்று என்பவர் என் பூண்டுக்கு ஒருநாள் காவல் இருந்து பார்க்கட்டும்.

ஆனால் அதே நிலத்துக்கு மேல் ஒரு ஊற்று இருந்தது. சின்ன வயதில் பங்குனியிலும் குடம் நிரம்பும். கிராண்டிஸ் ஆள் உயரம் தாண்டியபின் மாசியிலேயே கசிவு நின்றது. அப்பாவுக்கும் தெரியும், வாயைத் திறக்கமாட்டார்.

#16 கொரங்காடு | ஜனவரி 6, காலை 10.02

தம்பி, அந்தக் கசிவு பாம்பாறாகி எங்கள் அமராவதி அணைக்குத்தான் வருகிறது. உங்கள் ஊற்று நின்றால் எங்கள் வாய்க்காலும் இளைக்கும். நீலகிரியில் கிளென்மார்கனில் புல்வெளியில் யூகலிப்டஸ் நட்டு ஓடை நீரை அளந்திருக்கிறார்கள், முதல் சுற்றிலேயே சுமார் 16 விழுக்காடு குறைந்திருக்கிறது. அதனால் உங்களைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. பூண்டுக் காவலுக்குக் கீழே இருக்கிற நாங்களும் ஏதாவது கொடுத்தால்தான் நியாயம்.

#17 போடிமெட்டு | ஜனவரி 6, காலை 10.20

காங்கயத்துக்காரர் காசு கொடுக்கிறேன் என்கிறார், யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

#18 தேவிகுளம்_டீச்சர் | ஜனவரி 11, இரவு 8.30

மன்னிக்கவும், ஐந்து நாள் வரமுடியவில்லை. போர்டில் கோட்டை மறுபடி போட்டேன், பக்கத்தில் தகடு, நெருப்பு, உறைபனி என்று எழுதினேன். அவளுக்குத் திருப்தி இல்லை. "சோலைக்குள்ள ஐஸ் விழாதுன்னு அவங்க சொல்றாங்க, நாம பாத்தோமா?" என்றாள்.

ஃபேக்டரிக்குப் பின்னால் பள்ளத்தில் ஒரு துண்டுச் சோலை இருக்கிறது, நாற்பது ஐம்பது மரம். அதற்கு மேலே புல்மேடு. இரண்டு எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, அப்பா துணையோடு ஒன்றை மேட்டிலும் ஒன்றைச் சோலைக்குள்ளும் சாயங்காலம் வைத்துவிட்டு, விடியற்காலையில் எடுத்திருக்கிறாள். மூன்று நாள் மேகம், இரண்டிலும் வெறும் தண்ணீர். நேற்று ராத்திரி வானம் வெளுத்துக் கிடந்தது.

இன்றைக்கு ஞாயிறு. காலை ஆறே முக்காலுக்கு இரண்டு கிண்ணத்தையும் அப்படியே தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். மேட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள், ஒரு சொட்டு சிந்தவில்லை, மேலே கண்ணாடி மாதிரி ஒரு வட்டம். சோலைக் கிண்ணத்தில் ஒரு எறும்பு நீந்திக்கொண்டிருந்தது.